மேளம் எங்கள் தோளில் ஏறிய காலம்

தவிலுக்குப் பேர்போன மண்ணில், பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் குச்சி பிடித்த கதை

தை பிறந்து பங்குனி முடியும்வரை யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் ஒரு வாக்கியம் ஓயாமல் வரும்: 'பாண்ட் வாத்தியம் முழங்க விருந்தினர்கள் மைதானத்துக்கு அழைத்து வரப்பட்டனர்.' இல்ல மெய்வல்லுநர் போட்டிச் செய்தி எந்தப் பாடசாலையுடையதாக இருந்தாலும் தொடக்கம் இதுதான். பிறகு கொடியேற்றம், தீபம், அணிநடை, புள்ளிகள், வெற்றிக் கிண்ணம். பிரதம விருந்தினரின் பெயர் பட்டம் பதவியோடு இருக்கும். நூறு மீற்றரில் முதலாவதாக வந்தவரின் பெயரும் இருக்கும். முழங்கியவர்களின் பெயர் மட்டும் இருக்காது.

அந்த முழக்கத்துக்குள் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. உடுவில் மகளிர் கல்லூரியின் பாண்ட் அணியில் சைட் ட்ரம் அடித்தேன். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ என்று திக்குத் திக்காகப் போய்விட்ட எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்குத் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பாண்டில்தான் வந்து நிற்கும். யார் எந்த வரிசையில் நின்றது, எந்தத் திருப்பத்தில் யார் மூச்சு வாங்கியது என்பதெல்லாம் எல்லோருக்கும் அச்சொட்டாக நினைவிருக்கிறது.

ஏன் இவ்வளவு பாசம் என்று எண்ணிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு உரியதென்று எவரும் நினைத்திராத இரண்டு பொருளைப் பாண்ட் எங்களுக்குத் தந்தது: ஒரு மேளம், நடு வீதி.

இணுவிலின் காது

உடுவிலில் மேளச் சத்தம் கேட்காத மாதம் கிடையாது. தெற்கே கூப்பிடு தூரத்தில் இணுவில். நாதஸ்வரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் ஊர் அது. தவில் வித்துவான் விஸ்வலிங்கத்தின் மகனாக அங்கே 1933இல் பிறந்த தட்சணாமூர்த்தி, 1975இல் மறைவதற்குள் தமிழ்நாட்டு வித்துவான்களையும் வியக்கவைத்த லய மேதையானார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. மருதனார்மடத்தில் சேர் பொன். இராமநாதன் 1913இல் பெண்களுக்காக ஒரு கல்லூரியை நிறுவினார். அவர் பெயரைத் தாங்கிய நுண்கலைக் கழகமும் அங்கேயே வளர்ந்தது. இப்படி ஒரு சுற்றாடலில் பிறக்கும் பிள்ளைக்குத் தாளம் காதோடு ஒட்டிக்கொண்டே வரும்.

ஆனால் கேட்பது வேறு, தொடுவது வேறு. தவில் பலாமரத்தைக் குடைந்து செய்த கனத்த வாத்தியம். வலந்தலையில் வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டி அடிப்பார்கள். தொப்பிப் பக்கத்தை இடது கையில் பூவரசங் கம்பு பார்த்துக்கொள்ளும். அந்தக் கூடு விரலுக்குப் பழகுவதற்கே சின்ன வயதில் தொடங்க வேண்டும். குடும்பத்துக்குள்ளே தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் வித்தை அது. பெண்பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு, வீணை, வயலின், பரதநாட்டியம் என்று வேறொரு வரிசை இருந்தது. எல்லாம் இருந்தபடி கற்பதும் மண்டபத்துக்குள் ஆடுவதும். தமிழ்நாட்டில் மதுரை பொன்னுத்தாய் நாதஸ்வரத்தைக் கையில் எடுத்துக் கோயில் வீதிகளில் வாசித்துப் புகழ்பெற்றார் என்றால், அவர் பெயர் இன்றும் தனித்துச் சொல்லப்படுவதற்குக் காரணம் அவருக்குப் பக்கத்தில் நிறுத்த அதிகம் பேர் இல்லாததுதான்.

ஆகவே நான் பாண்டில் சேரப் போகிறேன் என்றதும் அம்மம்மா கேட்ட கேள்வியில் வியப்பில்லை. "பொம்பிளைப் பிள்ளையள் மேளம் அடிச்சுக்கொண்டு றோட்டாலை போறதோ?" கோபத்தில் கேட்கவில்லை, அப்படியொன்றை அவர் கண்டதில்லை. இணுவிலில் பிறந்து வளர்ந்தவர். திருவிழாத் தவிலைக் கேட்டே வளர்ந்த காது. முதன்முதலாக எங்கள் அணி வீதியால் போனதைப் பார்த்துவிட்டு வந்தபோது அவர் பெண், ஆண் என்று எதுவும் பேசவில்லை. "கரையிலை நிண்ட பிள்ளை கொஞ்சம் ஓடுது. காலப்பிரமாணத்தைப் பிடிச்சு நிக்கச் சொல்லு" என்றார். எங்களை வாத்தியக்காரராக மதித்து வந்த முதல் விமர்சனம் அது. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

இரண்டு பாதைகள்

உடுவிலின் கதை அமெரிக்காவோடு பின்னியது. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆசியாவிலேயே பெண்களுக்கென எழுந்த முதல் விடுதிப் பாடசாலை என்று அது போற்றப்படுகிறது. மழைக்கு ஒதுங்கிய சிறுமிகள் மிஷன் வீட்டில் எழுத்துப் படிக்கத் தொடங்கிய கதை கல்லூரியில் வழிவழியாகச் சொல்லப்படுவது. 1840இல் வந்து 1879வரை உடுவிலில் கற்பித்த எலைசா அக்னியூ அம்மையார் பிறகு தாய்நாடு திரும்பவேயில்லை. 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே கண்மூடினார். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள்.

அமெரிக்கா என்றதும் பாண்டும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அந்த நாட்டின் கல்லூரிப் பாண்டுகள் அவ்வளவு பேர்பெற்றவை. நொற்றர் டேம் பல்கலைக்கழகப் பாண்ட் 1845இலிருந்து வருகிறது. நடந்துகொண்டே எழுத்து வடிவம் அமைக்கும் வித்தையைப் பேர்டியு பல்கலைக்கழகம் 1907இல் செய்து காட்டியது. இருந்தும் இலங்கைப் பள்ளிக்கூடங்களுக்குப் பாண்ட் வந்தது பிரித்தானியப் படையின் பாதையால். துருக்கியச் சுல்தான்களின் படை வாத்தியத்திலிருந்து பெரிய மேளத்தையும் கைத்தாளத்தையும் ஐரோப்பியப் படைகள் எடுத்துக்கொண்டன. பிரித்தானியர் அவற்றைத் தங்கள் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் கொண்டுபோனார்கள். கொழும்பு றோயல் கல்லூரியில் 1881இல் கடேற் படை தொடங்கியது. அணிநடையும் கொடி வணக்கமும் பாடசாலை வாழ்க்கையின் பகுதியாகின. அணிநடை இருக்கும் இடத்தில் அடி எடுத்துக் கொடுக்க மேளம் வேண்டும். அப்படித்தான் எங்கள் மைதானங்களுக்கும் அது வந்து சேர்ந்தது.

இதில் நெஞ்சில் நிற்கும் செய்தி ஒன்று உண்டு. பாண்டுக்குப் பேர்போன ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவிகளுக்கு அணியில் இடம் கிடைத்தது 1973இல்தான். கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாதென்று அமெரிக்காவில் 1972இல் சட்டம் வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. மேளம் ஆணுக்குரியது என்ற எண்ணம் இணுவிலுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பெண்கள் பாடசாலை ஒன்றின் சிறப்பும் இங்கேதான் இருக்கிறது. அங்கே பெரிய மேளத்தைத் தூக்க ஆணில்லை. தூக்கக்கூடிய பிள்ளை யாரோ அவளே தூக்குவாள்.

வாங்கில் தொடங்கிய பாடம்

நாங்கள் பாண்டில் சேர்ந்த காலத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போருக்கு அஞ்சி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. அடுத்த சித்திரைக்குப் பிறகே ஊர் திரும்பத் தொடங்கியது. திரும்பி வந்த பிள்ளைகள் நாங்கள். ஒழுங்கை முகப்புகளில் காவலரண், மாலையானால் ஊரடங்கு. வெளிச்சம் மங்குவதற்குள் பயிற்சி முடித்து வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த அந்தி நேரத்துக்கு முன்னான சின்னப் பொழுதுதான் எங்களுடையது.

முதல் பாடத்தில் மேளம் கிடையாது. இரண்டு குச்சியும் ஒரு மர வாங்கும்தான். இடது கைக் குச்சியை உள்ளங்கை மேல்நோக்க, பெருவிரல் இடுக்கில் படுக்கவைக்க வேண்டும். வலது கைக் குச்சியை மேலிருந்து பிடிக்க வேண்டும். தோளில் தொங்கும் சைட் ட்ரம் ஒரு பக்கம் சரிந்து நிற்பதால் வந்த பிடி அது. பிறகு ஒவ்வொரு கைக்கும் இரண்டு அடி: வலம் வலம், இடம் இடம். மெல்லத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அடிகள் தனித்தனியாகக் கேட்காமல் ஒன்றாய் உருண்டு ஓடும். அந்த உருட்டு வரும்வரை மேளத்தில் கைவைக்க விடமாட்டார்கள். மணிக்கட்டு இறுகினால் உருட்டு உடையும். "கையை இறுக்காதை, குச்சி தானாத் துள்ளும், நீ விட்டுக் குடு" என்று மூத்த அக்கா ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். தோலில் பட்ட குச்சியின் துள்ளலே இரண்டாவது அடியைத் தருகிறது என்பது விளங்கிய நாளில் வாங்கு பாடத் தொடங்கிவிட்டது.

மேளம் கையில் வந்தபோது அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கீழ்த் தோலுக்குக் குறுக்கே சுருள் கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும். மேல் தோலில் விழும் அடிக்கு அந்தக் கம்பிகள் கீழ்த் தோலில் பட்டுச் சிலிர்க்கின்றன. சைட் ட்ரம்முக்குரிய 'சர்ர்' என்ற ஓசை அதிலிருந்து வருவதுதான். பக்கத்திலிருக்கும் நெம்பைத் தட்டிக் கம்பியைத் தளர்த்தினால் அதே மேளம் வெறும் பறைபோலத் தொம்மென்று பேசும். ஒரே வாத்தியத்துக்குள் இரண்டு குரல் இருப்பதைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை வேறெந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை.

நடந்து அடிப்பதற்கு உடம்பு தனியாகப் பழக வேண்டும். வார் கழுத்தருகே அழுத்தும். ஒவ்வோர் இடது அடிக்கும் மேளத்தின் விளிம்பு இடது தொடையில் மோதும். சில வாரங்களில் அந்த இடம் கன்றிக் கறுத்துவிடும். எங்களுக்குள் அது ஒரு பதக்கம். பெரிய மேளம் சுமப்பவளுக்குத் தன் காலும் தெரியாது, முன்னால் கிடக்கும் கல்லும் தெரியாது. பக்கத்தில் வருபவளின் தோளைப் பார்த்தே நடப்பாள். கைத்தாளம் வாசிப்பவள் இரண்டு தட்டையும் நேருக்கு நேர் மோதவிடக் கூடாது. காற்று உள்ளே சிறைப்பட்டுப் பொத்தென்று அடங்கிவிடும். சற்றே சரித்து, ஒரு விளிம்பு முந்திப்பட உரசிவிட்டால்தான் ஓசை விரிந்து மைதானத்தின் மறுகரைக்குப் போகும்.

தோல் கிழிந்தால் அன்றைக்குப் பெரும் துக்கம். தரைப்பாதை மூடியிருந்த காலம் அது. ஏ-9 வீதி 2002இல் திறக்கும்வரை கொழும்பிலிருந்து பொருள்கள் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தன. மேளத்துத் தோலுக்காகக் கப்பலைக் காத்திருந்த தலைமுறை நாங்கள். அதனால் மேளத்தை வைப்பதும் எடுப்பதும் கைக்குழந்தையைக் கையாளும் கவனத்தோடு நடந்தது. பயிற்சி முடிந்ததும் வாரைத் துடைத்து, திருகாணிகளைச் சமமாகத் தளர்த்தி, துணியால் மூடிவிட்டே வீட்டுக்குப் போவோம்.

கண்ணால் கேட்கும் வித்தை

அணிநடைக்கு வழமையான வேகம் நிமிடத்துக்கு 120 அடி. அதாவது ஓரடிக்கு அரை செக்கன். பெரிய மேளத்தின் அழுத்தமான அடி இடது காலில் விழ வேண்டும். கேட்பதற்குச் சுலபம். மைதானத்தில் இறங்கினால்தான் சிக்கல் தெரியும்.

ஓசை செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் தூரம் போகும். மேளத்திலிருந்து 85 மீற்றர் தள்ளி நிற்கும் பிள்ளைக்கு அடி கால் செக்கன் பிந்திக் கேட்கும். ஓரடிக்கே அரை செக்கன்தான் என்றால், அவள் காதை மட்டும் நம்பி நடந்தால் பாதி அடி பிந்துவாள். எந்தப் பாடசாலை அணிநடையிலும் பின்வரிசைகள் முன்வரிசையோடு ஒத்துப்போகாததுபோலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பிள்ளைகள் கவனமில்லாமல் நடப்பதாகப் பார்வையாளர் நினைப்பார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் காதுக்கு வந்த அடிக்கு மிகச் சரியாகத்தான் நடந்துகொண்டிருப்பார்கள்.

பாண்டுக்குள்ளும் இதே வில்லங்கம் உண்டு. முன்னால் ஊதுபவருக்கும் பின்னால் பெரிய மேளத்துக்கும் இடையே தூரம் கூடினால் ராகம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் இழுபடும். அதற்காகத்தான் அணித்தலைவியின் கையில் கோல் இருக்கிறது. அது உயர்ந்து இறங்குவதைக் கண் பிடிக்க வேண்டும். ஒளிக்குப் பிந்துதல் இல்லை. காதை ஓரளவு நம்பி, கண்ணை முழுதாக நம்பி, காலை மறந்துவிட வேண்டும்.

திருப்பம் இன்னொரு சோதனை. வரிசை வளையும்போது உட்பக்கத்தவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவாள். வெளிப்பக்கத்தவள் எட்டி எட்டி வைப்பாள். நடுவில் நிற்பவள் இருவருக்கும் பொதுவாக அடியை அளப்பாள். யார் முந்தினாலும் வரிசை முறியும். உயரமான பிள்ளை தன் அடியைச் சுருக்குவாள். குட்டையான பிள்ளை தன் அடியை நீட்டுவாள். ஒருவரையொருவர் பார்க்காமலே ஒருவருக்காக ஒருவர் இடம்விடப் பழகியது அந்த மூலைகளில்தான். நான் பிறகு வேலை செய்த எந்த இடத்திலும் கூட்டு முயற்சி என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு மைதானத்தின் அந்தத் திருப்பம்தான் ஞாபகம் வரும்.

விளையாட்டுப் போட்டி நாளில் மாசி வெயில் செம்மண் தரையிலிருந்து திரும்பி முகத்தில் அடிக்கும். வெள்ளை வெளேரென்ற உடுப்பு, பாதிச் சப்பாத்து சிவந்து போயிருக்கும். இல்லங்கள் தங்கள் கூடாரங்களை அலங்கரித்துக்கொண்டிருக்க, நாங்கள் வாசலில் விருந்தினருக்காக வரிசையில் நிற்போம். வாகனக் கதவு திறந்ததும் கோல் உயரும். உருட்டு தொடங்கும். அதற்குப் பிறகு வெயிலும் தெரியாது, தாகமும் தெரியாது. முன்னே போகும் பிள்ளைகளின் குச்சிகள் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே கணத்தில் இறங்கும். அதில் என் அடி எதுவென்று எனக்கே பிரித்தறிய முடியாத நேரங்கள் உண்டு. நான் இசையின் முழுமையை உணர்ந்தது அப்போதுதான்.

வீதி எங்களுடையதான நேரம்

மைதானத்தைவிட வீதிதான் எங்களுக்குப் பிடித்தது. ஊர்வலம் என்றால் கல்லூரி வாசலைத் தாண்டி நடு வீதியில் இறங்கலாம். சாதாரண நாளில் அந்த வீதியால் நாங்கள் சைக்கிளில் ஒதுங்கி, தலையைக் குனிந்து, சோதனைச் சாவடியில் இறங்கி உருட்டிக்கொண்டு போவோம். பாண்டோடு போகும் நாளில் பஸ் நின்று வழிவிட்டது. மதிலுக்கு மேலால் முகங்கள் எட்டிப் பார்த்தன. தோட்டத்தில் இறைப்பை விட்டுவிட்டு ஆட்கள் வரம்பில் வந்து நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் எங்களுக்குப் பின்னால் கால் மாற்றி மாற்றி ஓடிவந்தார்கள்.

அக்காலத்தில் திடீரென்று வரும் சத்தம் என்றால் சனத்துக்கு நெஞ்சு பதறும். ஊரே வாசலுக்கு ஓடிவந்து மகிழ்ச்சியாகக் கேட்ட பெருஞ்சத்தங்களில் ஒன்றைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் நாங்கள் உண்டாக்கினோம் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமை பொங்குகிறது.

இனிச் செய்ய வேண்டியது

உடுவில் மகளிர் கல்லூரி 2024இல் தன் இருநூறாவது ஆண்டைக் கண்டது. வடக்கில் இன்று பெண்கள் பாடசாலைப் பாண்டுகள் அபூர்வமல்ல. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை முயற்சிகளிலிருந்து பிறந்த 'இன்னியம்', பறையையும் உடுக்கையும் மத்தளத்தையும் சங்கையும் கூத்து உடுப்போடு விழா முகப்புக்குக் கொண்டுவந்தது. மேலைத்தேய அணியோ இன்னியமோ, பெண்பிள்ளைகள் மேளம் எடுக்கும் வழி விரிந்திருப்பது நல்ல செய்தி. இணுவிலின் தவில் வித்துவான்களை அழைத்து இந்தப் பிள்ளைகளுக்கு லயக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தால் எவ்வளவு வளம் சேரும்! அடுத்த வீட்டில் இருக்கும் அந்தச் செல்வத்தைப் பாடசாலைகள் பயன்படுத்த வேண்டும்.

அதிபர்மாரிடம் ஒரு வேண்டுகோள். விருந்தினரை அழைத்து வருவதோடு பாண்டின் வேலை முடிந்துவிடக் கூடாது. அவர்களுக்கென்று ஒரு கால்மணி நேரத்தை ஒதுக்கி, எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்கச் செய்யுங்கள். நிகழ்ச்சி நிரலில் ஓட்டக்காரர் பெயர் இருப்பதுபோல வாத்தியக்காரர் பெயரும் இருக்கட்டும். ஆண்டாண்டாக அந்தப் பெயர்கள் சேர்ந்தால் அது ஒரு கல்லூரியின் இசை வரலாறாகும்.

பெற்றோரிடம் இன்னொன்று. சாதாரண தரம் கிட்டியதும் முதலில் நிறுத்தப்படுவது பாண்ட்தான். உயர்தரம் என்றால் சொல்லவே வேண்டாம். பயிற்சிக்குப் போகும் நேரம் படிப்பிலிருந்து கழிகிறது என்று கணக்குப் பார்க்கிறோம். கைக்குத் துள்ளலைக் கற்றுக்கொடுக்கும் பொறுமை, கண்ணும் காதும் ஒன்றாய் விழித்திருக்கும் கவனம், தன் அடியைச் சுருக்கியும் நீட்டியும் மற்றவளோடு சேரும் பண்பு, இவற்றை எந்த ரியூசன் கொட்டிலில் போய்ப் படிப்பிப்பது? எங்கள் அணியில் நின்றவர்கள் மருத்துவரானார்கள், ஆசிரியர்களானார்கள், அந்நிய நாட்டில் தனியே குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். கூட்டத்தில் எழுந்து பேசவோ பொறுப்பெடுத்து முன்னே நடக்கவோ இவர்களில் எவரும் தயங்கி நான் கண்டதில்லை. பதின்நான்கு வயதில் மேளத்தோடு நடு வீதியில் நடந்த பிள்ளைக்கு அந்தத் தயக்கம் பிறகு எங்கிருந்து வரும்?

இந்தத் தையில் உங்கள் மகள் வந்து, பாண்டில் சேரட்டா என்று கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள். உயர்தரம் முடியும்வரை மேளத்தை அவள் தோளிலிருந்து இறக்கிவைக்கச் சொல்லாதீர்கள்.